தூசி போடாத மூன்று பாட்டில்கள்

அவருடைய பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதி அது எப்போதாவது அவர் கண்ணில் பட்டால், தன்னால்தான் எங்கேயோ ஏதோ கெட்டுவிட்டது என்று நினைத்துக்கொள்வார். அக்கா என்றே கூப்பிட்டுப் பழகிவிட்டது. அவருக்கு நான் தம்பி. வயதில் ஏழெட்டு வருட வித்தியாசம் இருந்திருக்கும்.

டொரொண்டோவில் ஒரு பல்கலைக்கழக ஆய்வகத்தில் ஒன்றாக வேலை பார்த்தோம். நான் தமிழ்நாட்டிலிருந்து ஒப்பந்தத்தில் போன ஆராய்ச்சியாளன். அவர் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து இருபது வருடத்துக்கு மேல் ஆனவர். மல்வேர்னில் வீடு. இரண்டு பஸ் மாறி வருவார். ஆய்வகத்தின் சுத்த அறை அவர் பொறுப்பில் இருந்தது. பாட்டில் கழுவுகிற வேலை என்று அவரே சிரித்துக்கொண்டு சொல்வார். அந்த ஆய்வகத்திலிருந்து வந்த ஒவ்வொரு எண்ணும் அவர் கழுவிய பாட்டிலுக்குள்ளிருந்து வந்ததுதான்.

நாங்கள் பார்த்தது தூசி வேலை. சஹாரா பாலைவனத்திலிருந்து கிளம்புகிற தூசி காற்றோடு அட்லாண்டிக் கடலுக்கு மேலே வந்து விழுகிறது. அதில் இரும்பு இருக்கிறது, கொஞ்சம் பாஸ்பரஸும் இருக்கிறது. நடுக்கடலில் இரண்டுக்கும் பஞ்சம். அங்கே ஒரு வகை பாக்டீரியா வாழ்கிறது. நுண்ணிய வைக்கோல் துணுக்குகளைக் கொத்தாகக் கட்டியது போல இருக்கும். காற்றிலுள்ள நைட்ரஜனைப் பிடித்து மற்ற உயிர்களுக்கு உரமாக்கிக் கொடுப்பது அதுதான். தூசி விழுந்தால் தழைக்கும், விழாவிட்டால் வெளுத்துச் சாகும். அதற்கு உண்மையில் வேண்டியது இரும்பா, பாஸ்பரஸா, இரண்டுமா என்பதுதான் எங்கள் கேள்வி.

கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் நடுக்கடல் தண்ணீரில் இரும்பு இருக்கிற அளவோடு ஒப்பிட்டால், நம் தலைமுடி ஒன்றே ஒரு இரும்புக் கடை. திருகாணி, துரு, சட்டைப் பொத்தான், தோல் உதிர்வு எல்லாமே பகைதான். அதனால்தான் சுத்த அறை. வடிகட்டிய காற்று, பிளாஸ்டிக் சாமான்கள், வாரக்கணக்கில் அமிலத்தில் ஊறிய பாட்டில்கள், ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு பிளாஸ்டிக் பைகள். அந்த அறைக்கு வாய்த்தவர் உலகத்திலேயே தூசிக்கு அதிகம் பயந்த மனுஷி.

காலையில் அவர் உள்ளே போவதை வேடிக்கை பார்க்கலாம். வெளிக் கதவிலேயே காலணியைக் கழற்றிவிடுவார். பனிக்காலத்தில் தெருவுக்குப் போடுகிற உப்பு வெள்ளையாக ஒட்டியிருக்கும், அதை ஒரு பாம்பைப் பார்ப்பதுபோல் பார்ப்பார். பிறகு கண்ணாடிக்கு முன்னால் நின்று தோட்டைக் கழற்றுவார், தாலிக்கொடியைக் கழற்றி ஒரு பைக்குள் வைப்பார். கடைசியாக ஈரத் தாளால் நெற்றித் திருநீற்றையும் பொட்டையும் துடைப்பார்.

"முருகா, குறை நினையாதை. பின்னேரம் திரும்பப் பூசுவன்."

தாளைத் திருப்பிப் பார்ப்பார். கொஞ்சம் சாம்பல் நிறம் இருந்தால் இன்னொரு தாள். மூன்றாவது தாள் வெள்ளையாக வந்தால்தான் உள்ளே கால் வைப்பார். தலைக்கு எண்ணெய் வெள்ளிக்கிழமை பின்னேரம் மட்டும்.

நான் கேலி செய்வேன். "முருகனையே வாசல்ல நிக்க வச்சிட்டீங்களேக்கா. நான் இதெல்லாம் நம்பறதில்ல, எனக்கு ஒரு தாள் மிச்சம்."

"நம்பாத ஆளுக்கு எல்லாம் லேசுதான்" என்பார். கோபமே வராது.

அவரை அவராக்கியது ஒரே ஒரு வார்த்தை. குளிர்பெட்டியில் அபாய மணி அடித்தால், "என்னாலையோ?" என்பார். விளக்கு ஒன்று அணைந்து எரிந்தால், "என்னாலையோ?" எங்கள் பேராசிரியர், கடுகடுப்பான ஆனால் நியாயமான பெண்மணி, ஒருநாள் தடுமன் பிடித்து மூக்கை உறிஞ்சிக்கொண்டு வந்தார். அக்கா என்னிடம் வந்து இரகசியமாகக் கேட்டார்:

"போன கிழமை எனக்குத் தொண்டை கரகரத்தது. என்னாலையோ தம்பி?"

"அவங்க பேரன் பள்ளிக்கூடத்துல இருந்து வாங்கிட்டு வந்ததுக்கா."

"மெய்யே? அப்ப சரி." நிம்மதியாக ஒரு மூச்சு விடுவார். அடுத்த நாள் வேறொன்று வரும்.

இந்தப் பயம் எங்கிருந்து வந்தது என்று நான் கேட்டதில்லை. பயந்தவர்களைப் பயந்தவனே கேள்வி கேட்க முடியுமா? நானும் ஒரு பயந்தாங்கொள்ளிதான். என் பயம் வேறு மாதிரி. ஒப்பந்தம் அந்த வசந்தத்தோடு முடிகிறது, நீட்டிக்காவிட்டால் விசாவும் முடிகிறது. டோர்செட் பார்க்கில் எட்டாவது மாடியில் மனைவியும் ஒரு வயதுக் குழந்தையும். லிஃப்ட்டில் யாராவது "எப்ப ஊருக்குப் போறீங்க?" என்று சாதாரணமாகக் கேட்டாலே அடுத்த மாடியில் இறங்கிக்கொள்வேன். என் பயம் மற்றவர்கள்மேல் போய் விழும், அவர் பயம் அவர்மேல் மட்டும் விழும். அந்த வித்தியாசம் அப்போது எனக்குத் தெரியவில்லை.

வேலைக்கு வெளியே அக்காவுக்கு ஒரே ஒரு கவலை. கணவருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்க்கொண்டிருந்தன.

"இவருக்கு வீட்டிலையே டயாலிசிஸ் செய்யலாமாம் தம்பி. வயித்திலை ஒரு குழாய் வைப்பினம். நாளுக்கு நாலுதரம் தண்ணிப் பை மாத்த வேணும். கை சுத்தமா இருக்க வேணும், ஒரு கிருமி போனாலும் ஆள் தப்பாது எண்டு அந்த நேர்ஸ் சொன்னவ."

"யாரு மாத்துவாங்க?"

"நான்தான். வேறை ஆர்?"

பயிற்சிக்குப் போய்விட்டு வந்த அன்று அவர் முகத்தில் பயமே இல்லை. நான் பார்த்த ஒரே நாள் அதுதான். இப்படிக் கை கழுவுகிற ஆளைத் தன் வாழ்நாளில் பார்த்ததில்லை என்று நேர்ஸ் சொன்னாராம். "ஆஸ்பத்திரிக்கு அலையத் தேவையில்லை, இவர் வீட்டிலையே இருந்து பேப்பர் பாப்பார்" என்று சொல்லிவிட்டு, தன் இரண்டு கைகளையும் புதிதாக வாங்கிய சாமானைப் போலத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

அந்த மாதம்தான் கடல் தண்ணீர் வந்தது. அட்லாண்டிக்கின் நடுவில் ஒரு கப்பலில் மொண்டு, கேன்களில் அடைத்து, லாரியில் வந்தது. டொரொண்டோவில் ஏரிதான் உண்டு, கடல் கிடையாது. அந்தத் தண்ணீர் போனால் அடுத்த கப்பலுக்கு இரண்டு வருடம் காத்திருக்க வேண்டும். என் ஒப்பந்தம் அந்தக் கேன்களுக்குள்தான் இருந்தது.

பன்னிரண்டு பாட்டில்கள். மூன்றில் பாலைவனத் தூசி, மூன்றில் இரும்பு, மூன்றில் பாஸ்பரஸ். கடைசி மூன்றில் எதுவுமே போடக் கூடாது. அந்த மூன்றும் பட்டினியில் வெளுக்க வேண்டும். அவை வெளுத்தால்தான் மற்றவை தழைத்ததற்கு அர்த்தம். ஒன்றும் போடாததும் தழைத்துவிட்டால் எல்லாமே குப்பை.

தொடங்குகிற அன்று காலை என் மனைவி சட்டைப் பையில் ஒரு காகிதப் பொட்டலத்தை வைத்தாள். ஊர்க் கோயில் விபூதி, அம்மா அனுப்பியது. "நீங்க நம்ப வேண்டாம். சும்மா பையில இருக்கட்டும்" என்றாள். நானும் சும்மா இருக்கட்டும் என்றுதான் விட்டேன். ஆனால் உடை மாற்றுகிற அறையில் தனியாக நின்றபோது உள்ளே காத்திருக்கிற தண்ணீரே கண்ணுக்குள் நின்றது. அதைத் தொட எனக்குப் பயமாக இருந்தது. பொட்டலத்தைப் பிரித்து, நெற்றியில் பூசினால் தெரியும் என்பதால், சட்டைக்குள் தொண்டைக்குழியிலும் நெஞ்சிலும் அள்ளிப் பூசிக்கொண்டேன். விரலைத் துடைத்தேன். மேலங்கியை மாட்டினேன், தலையுறையைக் கட்டினேன், கையுறை போட்டேன். நெஞ்சு லேசாகிவிட்டது போல இருந்தது. வெட்கமாகவும் இருந்தது.

சுத்த அறையில் ஒரு முறை உண்டு. எது மிகச் சுத்தமோ அதை முதலில் தொட வேண்டும், அழுக்கைக் கடைசியில். அதனால் ஒன்றும் போடாத மூன்று பாட்டில்களும் முதலில். குனிந்தேன். தலையுறை கழுத்தில் உறுத்தியது. கையுறைக் கையாலேயே, விரல் தொண்டைக்குழியில் பட, அதை இழுத்துச் சரிசெய்தேன், அதே கையால் மூன்று மூடிகளையும் திறந்து பாக்டீரியாவை விட்டேன். பிறகு முறைப்படி புதுக் கையுறை மாற்றிக்கொண்டு மற்ற ஒன்பதையும் செய்தேன். அப்போது எனக்கு எதுவும் தோன்றவில்லை. அதுதான் இப்போது நினைத்தாலும் உடம்பைக் குளிரவைக்கிறது.

ஆறாம் நாள் அக்கா என்னைக் கூப்பிட்டார். குரலில் சத்தமே இல்லை.

"தம்பி, ஒருக்கா வாங்கோ."

விளக்குத் தட்டில் பன்னிரண்டும் நின்றன. தூசி போட்டவை பொன்னிறமாகத் தழைத்திருந்தன. பக்கத்தில், ஒன்றுமே போடாத மூன்றும் அவற்றைவிடச் செழிப்பாக, கொத்துக் கொத்தாக மிதந்தன. நான் எத்தனையோ பயங்கரங்களைக் கற்பனை செய்து வைத்திருந்தேன். பட்டினியில் சாகவேண்டிய ஒன்று நன்றாக வாழ்வதைப் பார்த்து இப்படி நடுங்குவேன் என்று நினைத்ததில்லை.

"என்னாலையோ?" என்றார் அக்கா.

அன்று நான் "இல்லக்கா" என்று சொன்னேன். அது உண்மையாகச் சொன்னது. எனக்கு அப்போது தெரியாது.

தண்ணீரை அளக்கக் கொடுத்தோம். இரண்டு நாளில் எண்கள் வந்தன. பேராசிரியரின் அறையில் மூன்று பேரும் உட்கார்ந்தோம். நான் தாளை வாங்கிப் பார்த்தேன். இரும்பு இருந்தது, பாஸ்பரஸ் நிறைய இருந்தது. கூடவே பொட்டாசியமும் கால்சியமும் கடல் நீரில் வழக்கமாக இருப்பதைத் தாண்டி நின்றன. பாலைவனத் தூசி இந்தக் கணக்கில் வராது. பாட்டில் கழுவுகிற அமிலமும் வராது. பேராசிரியர் புருவத்தைச் சுருக்கிக்கொண்டு, இது என்னவாக இருக்கும் என்று இரண்டு பேரையும் பார்த்தார்.

"பொட்டாசியம் எதிலை தம்பி கூடக் கிடக்கு?" என்று அக்கா தமிழில் கேட்டார்.

என் வாய் என்னைக் கேட்காமல் பதில் சொன்னது. "எரிச்ச விறகு, சாணி... சாம்பல்ல இருக்கும்க்கா."

சொன்ன நொடியில் என் நெஞ்சில் பூசிய இடம் சுட்டது. எனக்கு விளங்கிவிட்டது. மூடிகளைத் திறந்த கை, தலையுறை, தொண்டைக்குழி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக வந்து நின்றன. அதே நொடியில் அக்காவின் கை அவருடைய நெற்றிக்குப் போனது.

"ஐயோ" என்றார்.

பேராசிரியருக்குப் புரியவில்லை. அக்கா நடுங்குகிற ஆங்கிலத்தில் அவரே எடுத்துச் சொன்னார். தினமும் காலையில் நெற்றியில் சாம்பல் பூசுவதாகவும், துடைத்துவிட்டுத்தான் வருவதாகவும், தலைமுடிக்குள் கொஞ்சம் மிஞ்சியிருக்கலாம் என்றும், அந்தப் பாட்டில்களை எடுத்து வைத்தது தான்தான் என்றும் சொன்னார். யாரும் கேட்காமலேயே எல்லாவற்றையும் சொன்னார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"என்னாலையோ தம்பி?"

இத்தனை நாளும் அவர் அதைக் கேட்டபோதெல்லாம் நான் சிரித்துக்கொண்டே இல்லை என்றிருக்கிறேன். குளிர்பெட்டிக்கு, விளக்குக்கு, தடுமனுக்கு எல்லாம் இல்லை என்றவன். இப்போது இல்லை என்று சொன்னால், பின்னே யாரால் என்று பேராசிரியர் கேட்பார். என் விசாவும், எட்டாவது மாடியும், குழந்தையின் தொட்டிலும் கண்ணுக்கு முன்னால் வந்தன.

"தெரியலக்கா" என்றேன்.

பேராசிரியர் அவரைத் திட்டவில்லை. இனிச் சுத்த அறை வேண்டாம், வெளியே சாதாரணக் கண்ணாடிச் சாமான் கழுவுகிற இடத்துக்கு மாறிக்கொள்ளுங்கள் என்றார். அக்கா தலையாட்டினார். இரண்டு வாரத்தில் அவராகவே வேலையை விட்டுவிட்டார். தவறு என்னுடையதல்ல என்று ஆகிவிட்டதால் அடுத்த கப்பல் தண்ணீர் வருகிறவரை என் ஒப்பந்தம் நீட்டிக்கப்பட்டது.

அந்தப் பொட்டலம் இன்னும் என் சட்டைப் பையில் இருந்தது. யாராவது பார்த்துவிடுவார்களோ என்று பயம். காற்றில் பறந்து என்மேலேயே ஒட்டுமோ என்றும் ஒரு பைத்தியக்காரப் பயம். ஒரு பிளாஸ்டிக் பைக்குள் போட்டு, அதை இன்னொரு பைக்குள் போட்டு, அக்கா செய்வதுபோலவே மடித்து ஒட்டி, பஸ் நிறுத்தத்துக் குப்பைத் தொட்டியில் போட்டேன். அவ்வளவு சுத்தமாக நான் வேறு எந்த வேலையும் செய்ததில்லை.

அதற்குப் பிறகு, நாங்கள் இருந்த ஸ்கார்பரோ பகுதியில் எங்கே போனாலும் அவர் எதிரில் வந்துவிடுவாரோ என்று பயந்தேன். மல்வேர்ன் பக்கம் போகிற பஸ்ஸில் ஏறமாட்டேன். கோயிலுக்கு மனைவி கூப்பிட்டால் வேலை இருக்கிறது என்பேன். நெற்றியில் திருநீறு பூசிய பெண்கள் யார் எதிரே வந்தாலும் கண் முதலில் கீழே போகும். அடுத்த கப்பல் தண்ணீர் வந்தது, வேலை ஒழுங்காக முடிந்தது, ஒன்றும் போடாத மூன்று பாட்டில்களும் அழகாக வெளுத்துச் செத்தன. எல்லோரும் கைகுலுக்கினார்கள். அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

போன இலையுதிர்காலத்தில் மில்லிக்கனில் ஒரு பிளாசாவில் அது நடந்தது. சனிக்கிழமை காலை, மரக்கறி வாங்கப் போயிருந்தேன். கடை வாசலில் ஒருவர் சாமான் வண்டியைத் திருப்பி விட வந்துகொண்டிருந்தார். இரண்டு கையிலும் நீலக் கையுறை. பாதி நரைத்துவிட்டது. நெற்றி வெறுமையாக இருந்தது. ஓடிவிடலாமா என்று பார்த்தேன். அதற்குள் அவர் பார்த்துவிட்டார்.

"தம்பி! எப்பிடி இருக்கிறியள்? அந்தப் பூச்சியள் பிறகு சரியா வந்துதோ?"

"வந்துச்சுக்கா." பேச்சை மாற்றினேன். "அண்ணன் எப்படி இருக்காரு?"

"உங்கை காருக்குள்ளை இருக்கிறார். பன்னிரண்டு மணிக்கு ஆஸ்பத்திரி. கிழமையிலை மூண்டு நாள் போக வேணும், போனால் நாலு மணித்தியாலம். ஆள் நல்லா வாடிப்போட்டார்."

"வீட்டிலயே செய்யறதா இருந்துச்சே? நேர்ஸ்கூட..."

அவர் தன் கையுறைகளைப் பார்த்தார். "நான் மாட்டன் எண்டிட்டன். மூண்டு தாளாலை துடைச்சும் அந்தத் தண்ணிக்குள்ளை என்ரை சாம்பல் போனதுதானே? இவற்றை வயித்துக்குள்ளை என்னத்தைக் கொண்டுபோய் விடுவன் எண்டு ஆருக்குத் தெரியும்? எனக்குப் பயம் தம்பி. சமைக்கவே பயம்."

நான் அங்கேயே சொல்லிவிட்டேன். தள்ளிப் போட்டால் சொல்லமாட்டேன் என்று தெரியும்.

"அக்கா, அது நீங்க இல்ல. நான். எங்கம்மா அனுப்பின விபூதி. சட்டைக்குள்ள பூசிட்டு உள்ள வந்தேன். தலையுறைய இழுத்துவிட்ட கையாலயே மூடியத் திறந்தேன். அன்னைக்கே எனக்குத் தெரியும்க்கா. பயந்துட்டுச் சொல்லல."

அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே நின்றார். கோபப்பட்டால் காலில் விழுந்துவிடலாம் என்று இருந்தது. ஆனால் அவர் முகத்தில் வந்தது இரக்கம்.

"நீங்கள் உதுகளை நம்பாத ஆளெல்லோ? எத்தினை நாள் என்னைப் பகிடி பண்ணினனீங்கள்."

"நம்பலதான். அன்னைக்கு மட்டும் பூசினேன்."

"சரி, அந்தத் திருநீறு மிச்சம் கிடக்கோ? குடுத்து அளந்து பாப்பம்."

பழைய சுத்த அறைக் குரலில் கேட்டார். ஒரு நொடி அவர் கண்ணில் ஏதோ வந்து போனது, நம்பத் தயாராக இருந்தார் என்றுதான் நினைக்கிறேன்.

"தூக்கிப் போட்டுட்டேன்க்கா."

"அப்ப இல்லாததை எப்பிடித் தம்பி அளக்கிறது?" மெல்லச் சிரித்தார். "எனக்காகத்தான் உப்பிடிச் சொல்லுறியள், எனக்கு விளங்குது. அண்டைக்கும் பாருங்கோ, புரொபெசர் பெரியவவுக்கு முன்னாலை நீங்கள் என்னைக் காட்டிக் குடுக்கேல்லை. தெரியேல்லை எண்டுதானே சொன்னனீங்கள். அதை நான் மறக்கேல்லை."

"இல்லக்கா, சத்தியமா நான்தான். குழந்தைமேல சத்தியமா."

"பிள்ளையிலை சத்தியம் பண்ணாதேங்கோ!" பதறிப்போனார். "என்னாலை நீங்கள் ஏன் பொய்ச் சத்தியம் பண்ணுறியள்?"

காரிலிருந்து ஹாரன் ஒருமுறை மெதுவாக அடித்தது. கண்ணாடிக்குப் பின்னால் மஞ்சள் பூத்த முகத்தோடு அவர் கணவர் மணிக்கட்டைத் தட்டிக் காட்டினார். அக்கா வாறன் என்று கை காட்டினார். எனக்கு வண்டி வேண்டும் என்று கண்டு, தன் வண்டியை என் பக்கம் தள்ளினார். பிறகு ஏதோ நினைவு வந்தவராக அதைத் திரும்ப இழுத்துக்கொண்டார்.

"கொஞ்சம் பொறுங்கோ தம்பி. என்ரை கை பட்டது."

பையிலிருந்து ஈரத் தாளை எடுத்துக் கைப்பிடியைத் துடைத்தார். தாளைத் திருப்பிப் பார்த்தார். இன்னொன்று எடுத்துத் துடைத்தார். மூன்றாவது தாள் வெள்ளையாக வந்த பிறகுதான் வண்டியை என் கையில் விட்டார்.